குவாய் ஹானாஸும் சால்மன் ஏற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில் இருக்கும் குவாய் ஹானாஸ் பூங்காவைப் பற்றி நான் பேச்செடுக்கும்போதெல்லாம், உறவினர்களும் நண்பர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதைக் காட்டிலும் எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இருக்கின்றன.

1. குவாய் ஹானாஸ் எங்கே இருக்கிறது? அது கடல் பூங்காவா, காட்டுப் பூங்காவா?

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடபகுதியில், ஹெகேட் நீரிணைக்கு அப்பால் ஹைடா குவாய் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. 2010 வரை அரசாங்க வரைபடங்களில் இதற்குக் குயின் சார்லட் தீவுகள் என்று பெயர். அதன் தென்பகுதிதான் குவாய் ஹானாஸ். இத்தீவுகளின் பழங்குடியினரான ஹைடா மக்களின் மொழியில் 'அழகின் தீவுகள்' என்று பொருள். நிலப்பரப்பு ஏறத்தாழ 1,470 சதுர கிலோமீட்டர். அதைச் சூழ்ந்த கடற்பரப்பு ஏறத்தாழ 3,400 சதுர கிலோமீட்டர்.

கடலா காடா என்று கேட்டால், இரண்டும் என்பதே பதில். மலையுச்சியிலிருந்து ஆழ்கடலின் தரை வரை ஒரே தொடர்ச்சியாகப் பாதுகாக்கப்படும் இடம் இது. இப்படி எல்லை வகுத்தது வெறும் நிர்வாக வசதிக்காக அல்ல என்பது, 6-ஆம் கேள்விக்கு வரும்போது புரியும்.

2. நம் ஊர் மீன் கடையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்களே, அதே மீன்தானா?

இல்லை. அந்தப் பெயரில் விற்கப்படுவது காலா மீன். சுவையும் சதையும் நன்றாக இருக்கும் என்பதில் ஐயமில்லை, ஆனால் அதற்கும் சால்மனுக்கும் குடும்ப உறவு கிடையாது. இலங்கையில் 'சமன் டின்' என்று சொல்லி வாங்குவதும் பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை மீனே. பெயர் மட்டும் பழைய காலத்து இறக்குமதியிலிருந்து ஒட்டிக்கொண்டது.

குவாய் ஹானாஸ் ஓடைகளில் முக்கியமாக ஏறுபவை சம், கோஹோ, பிங்க் என்னும் மூன்று பசிபிக் சால்மன் இனங்கள். அவற்றுள்ளும் சம் சால்மனே இந்தப் பக்கத்தில் அதிகம் பேசப்படும்.

3. சால்மன் ஏற்றம் என்றால் என்ன? கடலில் வாழும் மீன் ஏன் ஓடைக்கு வருகிறது?

ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் மீன் எதிரேறும் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. அதே செயலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் பயணத்தின் முடிவில் செய்வதுதான் சால்மன் ஏற்றம். மீன் நன்னீர் ஓடையில் பிறக்கிறது. கடலுக்குப் போய் அங்கே வளர்கிறது. முதிர்ந்ததும் பிறந்த ஓடைக்கே திரும்பி முட்டையிடுகிறது. கடலில் இரை மிகுதி, ஆனால் முட்டையை விழுங்கும் வாய்களும் மிகுதி. குளிர்ந்த ஓடையின் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டை ஒப்பீட்டளவில் பத்திரமாக இருக்கும். ஒன்றில் வளர்ப்பு, மற்றதில் பிறப்பு என்று அந்த மீன் தன் வாழ்க்கையைப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

காலக்கணக்கு இனத்துக்கு இனம் மாறும். சம் குஞ்சுகள் வசந்தத்தில் கல்லிடுக்கிலிருந்து வெளிவந்த சில நாள்களிலோ வாரங்களிலோ கடலுக்குப் போய்விடும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் திரும்பும். கோஹோ குஞ்சு ஓராண்டோ அதற்கு மேலோ ஓடையிலேயே தங்கும் என்பதால், அந்த ஓடை கோடையிலும் குளிர்காலத்திலும் நன்றாக இருந்தாக வேண்டும். பிங்க் சால்மனின் வாழ்நாள் சரியாக இரண்டே ஆண்டுகள். ஆகையால் இரட்டைப்படை ஆண்டில் ஏறும் கூட்டமும் ஒற்றைப்படை ஆண்டில் ஏறும் கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஹைடா குவாயில் இரட்டைப்படை ஆண்டுக் கூட்டமே பெரிது.

4. இவ்வளவு பெரிய கடலில் தான் பிறந்த ஓடையை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு கட்டங்களாக. நடுக்கடலிலிருந்து கரையின் குறிப்பிட்ட பகுதிக்கு வர, பூமியின் காந்தப்புலத்தை உணரும் ஆற்றல் உதவுகிறது. கரையை நெருங்கிய பிறகு மூக்கு வேலை செய்கிறது. ஒவ்வோர் ஓடையின் மண், பாறை, செடிகொடிகள் ஆகியவற்றுக்கு ஏற்ப நீரின் மணம் வேறுபடும். குஞ்சாக இருந்தபோது பதிந்த அந்த மணத்தைத் தேடியே மீன் கழிமுகத்துக்குள் நுழைகிறது. சில மீன்கள் வழி தவறி வேறு ஓடையில் ஏறுவதும் உண்டு. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் பனிப்பாறை உருகிப் புதிதாக உருவான ஓடைகளில் சால்மன் குடியேறியது இப்படி வழி தவறியவற்றால்தான்.

5. முட்டையிட்டதும் எல்லா மீனும் செத்துவிடுமாமே, உண்மையா?

பசிபிக் கரையின் ஓடைகளில் ஏறும் சம், கோஹோ, பிங்க், சாக்ஐ, சினூக் என்னும் ஐந்து இனங்களுக்கும் அது உண்மை. ஓடைக்குள் நுழையும் நேரத்தில் அவை இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையும் தசையையும் எரித்தே மேலே ஏறுகின்றன. ஆண் சம் மீனின் தாடை கொக்கிபோல் வளைந்து, பற்கள் பெரிதாகி, வெள்ளிபோன்ற உடலில் ஊதாவும் பச்சையுமான பட்டைகள் தோன்றும். பெண் மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பகுதி பகுதியாக இட்டு மூடும். அதன் பிறகு சில நாள்களே உயிர் இருக்கும்.

இத்தனை உயிர் வீணாகிறதே என்று கேட்டவர்கள் பலர். வீணாவதில்லை, அடுத்த பதிலைப் பாருங்கள்.

6. கரடி மீனைத் தூக்கிப் போவதால் காடு வளர்கிறது என்கிறார்கள். இது கொஞ்சம் கதைபோல் இல்லையா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதைக் கண்டறிந்த முக்கிய ஆய்வுகளுள் ஒன்று குவாய் ஹானாஸிலேயே, பேக் ஹார்பர் என்னும் சிறு விரிகுடாவில் விழும் ஓடையில் நடந்தது. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் தாமஸ் ரைம்கென் 1990-களில் அங்கே தங்கி, சம் மீன் ஏறும் நாள்களில் இரவும் பகலும் கரடிகளைக் கவனித்தார். இரவில் கவனித்ததுதான் முக்கியம். கருங்கரடிகள் மீன்பிடிப்பதில் பெரும்பகுதி இருட்டில் நடப்பதால், பகலில் மட்டும் பார்த்தவர்களுக்கு உண்மையான அளவு தெரியாமலே இருந்தது.

ஏறத்தாழ 45 நாள்கள் நீடிக்கும் ஏற்றத்தில், அந்த ஓடையை நம்பியிருந்த எட்டுக் கரடிகள் ஒவ்வொன்றும் சுமார் 700 மீன்களைப் பிடித்தன என்பது அவருடைய கணக்கு. பிடித்ததைக் கரையிலேயே வைத்துத் தின்றால் வேறு கரடி வந்து பிடுங்கும். ஆகவே மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய் அமைதியாகத் தின்கின்றன. ஏறத்தாழ பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டு அடுத்த மீனுக்குத் திரும்புகின்றன. மிச்சத்துக்கு வெண்தலைக் கழுகும் அண்டங்காக்கையும் மார்ட்டென் என்னும் மரநாய் போன்ற விலங்கும் வருகின்றன. அவை விட்டதை ஈக்களின் புழுக்கள் சில நாள்களில் எலும்பாக்கிவிடுகின்றன. புழுக்கள் மண்ணுக்குள் போகின்றன, வசந்தத்தில் ஈக்களாக எழுந்து குருவிகளுக்கு இரையாகின்றன. மழைக்காட்டு மண்ணில் நைட்ரஜன் பெரும்பாலும் பற்றாக்குறையாகவே இருக்கும். அங்கே ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் டன் கணக்கில் கடல் உரம் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. மரத்தில் இருப்பது மீனிலிருந்து வந்த சத்து என்று எப்படிச் சொல்ல முடியும்? மரம் வாய் திறந்து சொல்லுமா?

ஒரு வகையில் சொல்லும். நைட்ரஜனில் எடை சற்றுக் கூடிய ஓர் அணு வகை (ஐசோடோப்) உண்டு. அதை நைட்ரஜன்-15 என்பார்கள். கடல் உணவுச்சங்கிலியில் சிறியதைப் பெரியது தின்னத் தின்ன, உடலில் அதன் விகிதம் ஏறிக்கொண்டே போகும். கடலில் வளர்ந்த சால்மனின் உடலில் அது அதிகம். நிலத்து நைட்ரஜனில் குறைவு. சால்மன் ஏறும் ஓடைக்கு அருகிலுள்ள பாசி, பூச்சி, புதர், ஸ்ப்ரூஸ் மரம் ஆகியவற்றைச் சோதித்தால் இந்தக் கனமான நைட்ரஜன் மிகுந்து காணப்படுகிறது. ஓடையை விட்டு விலக விலக அது குறைகிறது; மீன் ஏற முடியாத அருவிக்கு மேலே சோதித்தாலும் குறைவாகவே இருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களிலும் இந்தத் தடயத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'இந்தக் காடே சால்மனால் ஆனது' என்று சிலர் எழுதுவது மிகை. ஓடைக்கரை மரங்கள் நன்றாக வளர, நீரும் வெளிச்சமும் வண்டல் மண்ணும் காரணமாக இருக்கின்றன. ஓடையோரத்து ஆல்டர் மரங்களும் தம் வேர்முடிச்சுகளால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. ஓடையின் இரு கரைகளிலும் சில பத்து மீட்டர் முதல் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம் வரை மீனின் பங்கு கணிசமானது. மலைச்சரிவில் மேலே போனால் அப்படிச் சொல்ல முடியாது. உண்மையே போதிய அளவு வியப்பானது, அதை ஊத வேண்டியதில்லை.

8. அங்கே இருப்பது கிரிஸ்லி கரடியா?

இல்லை. ஹைடா குவாயில் இப்போது கிரிஸ்லியும் இல்லை, ஓநாயும் இல்லை. இருப்பது கருங்கரடியின் தனி உள்ளினம். பெரிய மண்டையோடும் வலுவான கடைவாய்ப் பற்களும் கொண்டது. கடற்கரையில் கல் புரட்டி நண்டும் பூச்சியும் தேடுவது அதன் கோடைக்கால வேலை, இலையுதிர்காலத்தில் ஓடை.

9. கரடி அத்தனை மீனைத் தின்றால் மீன் இனம் குறைந்துவிடாதா?

கரடியும் சால்மனும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றாக இருந்தும் இரண்டும் இருக்கின்றன என்பதே முதல் பதில். ஓடையின் கூழாங்கல் தரைக்கும் ஓர் அளவு உண்டு என்பது இரண்டாவது. ஏறும் மீன் அளவுக்கு மிஞ்சினால், பின்னால் வரும் பெண் மீன் முன்னது இட்ட முட்டைகளைத் தோண்டி எறிந்துதான் தன் குழியைப் பறிக்கும். மேலும், கரடியின் வாயில் சிக்குவதில் ஒரு பகுதி முட்டையிட்டு முடித்துச் சாகக் காத்திருக்கும் மீன். கரடியைக் குறை சொல்வதற்கு முன்னால் அடுத்த பதிலில் வரும் மனிதர்களின் கணக்கைப் பார்ப்பது நியாயம்.

10. மரம் வெட்டினால் மரத்துக்குத்தானே நட்டம், மீனுக்கு என்ன?

ஓடையில் விழுந்து கிடக்கும் பெருமரங்கள் நீரின் வேகத்தைத் தடுத்து மடுக்களை உண்டாக்குகின்றன, கூழாங்கற்களைப் பிடித்து வைக்கின்றன. கரை மரங்கள் நிழல் தருகின்றன. கரை வரை வெட்டிவிட்டால் நிழல் போகும், நீர் சூடேறும். சரிவில் வேர்ப்பிடிப்பு இற்று மண் சரியும். நுண்மண் கூழாங்கல்லிடுக்குகளை அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் முட்டைக்கு உயிர்வளி எட்டாது. அதாவது மீன் காட்டை வளர்ப்பதுபோல் காடும் மீனை வளர்க்கிறது. ஒரு பக்கத்தை அறுத்தால் மறுபக்கமும் அறும்.

இது வெறும் கோட்பாடு அல்ல. குவாய் ஹானாஸுக்குள் இருக்கும் லயல் தீவில் (ஹைடா மொழியில் அத்லீ குவாய்) பெருமளவில் மரம் வெட்டப்பட்டது. 1985-இல் ஹைடா தேசம் இப்பகுதியைத் தன் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் ஹைடா மக்கள் லயல் தீவின் மரவெட்டுச் சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள்; முதியவர்கள் உட்பட 72 பேர் கைது செய்யப்பட்டார்கள். 1987-இல் கனடா அரசும் மாகாண அரசும் வெட்டுதலை நிறுத்த உடன்பட்டன. 1988-இல் முழு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பின்னாளில் அந்தத் தீவின் சிதைந்த ஓடைகளில் மரத்தடிகளைத் திரும்பக் கொண்டுபோய் இட்டுச் சீரமைக்கும் வேலையும், சம் மீனை மீண்டும் குடியேற்றும் முயற்சியும் நடந்தன. ஒரு காலத்தில் இயந்திரத்தால் இழுத்துப் போன தடியையே இன்னோர் இயந்திரத்தால் திரும்ப இழுத்துவர வேண்டியிருந்தது.

11. அப்படியானால் பூங்கா யாருடையது? அரசாங்கத்தினுடையதா, ஹைடா மக்களுடையதா?

இந்தக் கேள்விக்கு 1993-ஆம் ஆண்டு குவாய் ஹானாஸ் ஒப்பந்தம் தந்த விடை எனக்கு மிகவும் பிடிக்கும். யாருக்கு உரிமை என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. அதை மறைக்காமல், ஹைடா தேசத்தின் நிலைப்பாட்டை ஒரு பத்தியிலும் கனடா அரசின் நிலைப்பாட்டை அதற்குப் பக்கத்துப் பத்தியிலுமாக அருகருகே அச்சிட்டு, 'உரிமை பற்றிக் கருத்து வேறு, பாதுகாப்பதில் கருத்து ஒன்று' என்ற அடிப்படையில் மேலே போனார்கள். இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் அமரும் மேலாண்மை வாரியம் முடிவுகளை எடுக்கிறது. 2010-இல் கடற்பகுதிக்கும் இதே முறையில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2018-இல் நிலம், கடல், மக்கள் மூன்றையும் ஒரே ஆவணத்தில் அடக்கிய மேலாண்மைத் திட்டம் வெளிவந்தது. 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு ஹைடா குவாய் நிலம் முழுவதன்மேலும் ஹைடா மக்களுக்கு உள்ள உரிமையை ஒப்பந்தத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது.

12. கடல் பூங்கா என்றால் மீனே பிடிக்கக் கூடாதா?

முற்றிலும் தடை என்பது தவறான எண்ணம். 2018 திட்டப்படி கடற்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு கடுமையான பாதுகாப்புக்குரியது. மற்ற இடங்களில் விதிகளுக்கு உட்பட்டுத் தொழில்முறை மீன்பிடிப்பும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பும் நடக்கின்றன. கடலில் தூண்டில் போட விரும்பும் பயணிக்குக் கனடா அரசின் கடல்நீர் மீன்பிடி உரிமம் வேண்டும். ஹைடா மக்களின் மரபுவழி மீன்பிடிப்பு தொடர்கிறது. மறியலில் அமர்ந்தவர்கள் காக்க நினைத்தது பார்வைப் பொருளை அல்ல, தங்கள் சாப்பாட்டை.

13. அங்கே எப்படிப் போவது? காரில் போக முடியுமா?

பூங்காவுக்குள் சாலையே கிடையாது. வான்கூவரிலிருந்து சாண்ட்ஸ்பிட்டுக்கு விமானத்திலோ, பிரின்ஸ் ரூபர்ட்டிலிருந்து ஸ்கிடிகெட்டுக்குப் பயணக் கப்பலிலோ ஹைடா குவாயை அடையலாம். கப்பல் பயணம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது; ஹெகேட் நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் காற்றடித்தால் அலை கொந்தளிக்கும். அங்கிருந்து படகு, கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு, கடல் விமானம் இவற்றில் ஒன்றுதான் வழி. முன்பதிவும் அறிமுக வகுப்பும் கட்டாயம். கைப்பேசி வேலை செய்யாது.

ஸ்காங் குவாய் உள்ளிட்ட ஐந்து பழைய ஊர்களிலும் இடங்களிலும் 'வாட்ச்மென்' எனப்படும் ஹைடா காவலர்கள் கோடைக்காலத்தில் தங்கியிருப்பார்கள். ஹைடா மக்கள் செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் ஸ்காங் குவாய் 1981-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கரை இறங்கும் முன் வானொலியில் அழைத்து அனுமதி கேட்க வேண்டும்; ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் இறங்கக் கூடாது.

14. சால்மன் ஏறுவதைப் பார்க்க எந்த மாதம் போகலாம்?

இதுதான் பலரும் ஏமாறும் இடம். பயணிகள் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை போகிறார்கள். சம் மீன் ஏறுவதோ செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அதற்குள் காவலர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், கடலும் முரடாகியிருக்கும். ஆகஸ்டில் கழிமுகங்களில் பிங்க் மீன் கூடித் துள்ளுவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. எந்த மாதமானாலும் ஓடையின் வாயில் கூடாரம் அடிக்கக் கூடாது. 6-ஆம் பதிலில் சொன்னபடி, இரவில் அந்த வழி கரடியினுடையது.

15. மீன் உரமிட்டால் ஓடைக்கரையில் புதர் மண்டிக் கிடக்க வேண்டுமே? படங்களில் வெறும் பாசிதான் தெரிகிறது.

கூர்மையான கேள்வி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேட்டைக்காக இத்தீவுகளில் சிட்கா மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 8-ஆம் பதிலில் சொன்னதுபோல் ஓநாய் இல்லை. மான் பெருகிப் புதர்களையும் செடார் கன்றுகளையும் மேய்ந்து தீர்த்துவிட்டது. படங்களில் அழகாகத் தெரியும் அந்தப் பசும்பாசித் தரை, பல இடங்களில் மேய்ந்து முடித்த காட்டின் தோற்றம். பழைய காடு இடுப்பளவு புதர்கள் அடர்ந்ததாக இருந்தது. மான் ஏறாத சிறு தீவுகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் அதை இன்றும் காணலாம். 2017-இல் சில தீவுகளிலிருந்து மான்களை அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது.

16. நம் காவிரியில் இப்படி ஏறும் மீன் ஏதும் இருந்ததா?

இருந்தது. உள்ளம் மீன் கடலிலிருந்து காவிரியில் ஏறி முட்டையிட்டு வந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த ஏற்றம் நலிந்தது. ஒரு வேறுபாடு: உள்ளம் முட்டையிட்டபின் கட்டாயமாகச் சாவதில்லை, கடலுக்குத் திரும்பும். ஆகவே 6-ஆம் பதிலில் சொன்ன உரக்கணக்கை அப்படியே காவிரிக்கரைக்குப் பொருத்தக் கூடாது.

17. வாழ்நாளில் பெரும்பகுதியை எல்லைக்கு வெளியே கழிக்கும் மீனை ஒரு பூங்கா எப்படிக் காப்பாற்றும்?

முழுமையாகக் காப்பாற்றாது. குவாய் ஹானாஸில் பிறந்த சம் மீன் வட பசிபிக்கில் அலைந்து, வேறு நாடுகளின் சால்மன்களோடு ஒரே மேய்ச்சலைப் பகிர்ந்துகொள்கிறது. 2014 முதல் 2016 வரை அக்கடலின் பெரும்பரப்பு வழக்கத்துக்கு மாறாகச் சூடாகிக் கிடந்தபோது உணவுச்சங்கிலியே குலைந்தது. அதைத் தடுக்க எந்தப் பூங்கா வாரியத்தாலும் ஆகாது. வறண்ட இலையுதிர்காலத்தில் மழை தள்ளிப்போனால், மீன் கழிமுகத்திலேயே நீர்மட்டம் உயரக் காத்துக்கிடக்கும் நிலையும் உண்டு.

பூங்காவால் ஆகக்கூடியது பயணத்தின் இரு முனைகளைப் பார்த்துக்கொள்வது: முட்டை கிடக்கும் கூழாங்கல், குஞ்சு முதன்முதலில் உப்புநீரைச் சுவைக்கும் கழிமுகம். கடலுக்குப் போன முதல் வாரங்களில் விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சுகள், ஆழமற்ற கரையோரக் கடற்புல்லுக்குள் ஒளிந்து இரை தேடுகின்றன. அவை அதிகமாக மடிவதும் அப்போதுதான். நில எல்லை கரையோடு முடிந்திருந்தால் இந்தக் கடற்புல் வெளியே நின்றிருக்கும். 1993-க்கும் 2010-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நிலத்துக்கு மட்டுமே ஒப்பந்தம் இருந்தது என்பதை 11-ஆம் பதிலோடு சேர்த்துப் படித்தால், இரண்டாவது ஒப்பந்தம் எதற்காக வேண்டியிருந்தது என்பது விளங்கும்.